கையும் தாளும்

(ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் பெற்றோரும் இளைஞரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, பால் எடுத்து, வீட்டு வேலையும் முடித்த பின்னர் இங்கே வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களிடம் நெடுநேரம் பேசுவது முறையன்று. பள்ளியை விட்டு வெளிவரும் நம் பிள்ளைகள் நிலையான தொழிலில் அமர்வதற்கு வேலைப் பயிற்சி எவ்வாறு துணைசெய்கிறது என்ற ஒரு செய்தியை மட்டும் சொல்லிச் செல்லவே வந்தேன்.

நீங்கள் நன்கறிந்த ரப்பர் மரத்திலிருந்தே தொடங்குகிறேன். கன்றை நட்ட மறு ஆண்டே யாரும் கத்தியை எடுப்பதில்லை. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டரை எட்டும் வரை காத்திருக்கிறோம். அதற்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் செல்கின்றன. புதிதாகக் கத்தி பிடிப்பவரையும் நல்ல மரத்தில் விட்டுவிடுவதில்லை. அழிக்கப்படவிருக்கும் முதிய மரங்களில் கை பழக்கிய பின்னரே அவருக்கு வெட்டு கொடுக்கப்படும். ஆழமாக வெட்டி உள்ளே காயப்படுத்திவிட்டால், புதுப்பட்டை மேடும் முடிச்சுமாக வளர்ந்து மறு வெட்டுக்கு உதவாமற் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். மரத்துக்கு இத்தனை பொறுமை காட்டும் நாம், நம் பிள்ளைகளின் தொழிலுக்கு எவ்வளவு பொறுமை காட்டுகிறோம்?

சில காலத்துக்கு முன்னர் ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். தோட்டப் பட்டறையில் தந்தையாருக்கு உதவியாக ஈராண்டுகள் நின்றவர். டிராக்டர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். நகரத்தில் வேலை கேட்டுச் சென்றபோது, "சான்றிதழ் உண்டா?" என்று கேட்டார்களாம். இல்லையென்றதும் அவருக்குச் சாமான் தூக்கும் வேலையே கிடைத்தது. அவருடைய நண்பரின் நிலை வேறு. அவரிடம் சான்றிதழ் இருந்தது. ஆனால் ஓடும் இயந்திரத்தைத் தொட்டுப் பழகியதில்லை. ஒரே வாரத்தில் அவரும் வீடு திரும்பினார். முன்னவரிடம் கைத்திறன் இருந்தது, தாள் இல்லை. பின்னவரிடம் தாள் இருந்தது, கைத்திறன் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரத் தருவதே முறையான வேலைப் பயிற்சியாகும்.

இதற்கென நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு தேசிய இரட்டைப் பயிற்சி முறை தொடங்கப்பெற்றது. மலாய் மொழியில் அதனைச் சுருக்கமாக 'எஸ்.எல்.டி.என்.' என்பர். ஜெர்மனி நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையைத் தழுவி அமைந்தது இது. பயிற்சியில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு தொழில் நடக்கும் இடத்திலேயே நிகழும். எஞ்சியது பயிற்சி நிலையத்தில் பாடமாக நடைபெறும். வாரத்தில் நான்கு நாள் தொழிலிடத்திலும் ஒரு நாள் வகுப்பிலும் இருப்பது ஒரு வகை. நான்கு மாதம் தொழிலிடத்திலும் ஒரு மாதம் வகுப்பிலும் இருப்பது மற்றொரு வகை. முடிவில், மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டு இலாகா மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது.

அச்சான்றிதழ் மூன்று நிலைகளை உடையது. அதற்கு மேல் டிப்ளோமா நிலைகளும் உண்டு. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமன்று. மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசவும் எழுதவும் தெரிந்திருந்தால் போதும். "என் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, இனி என்ன செய்வது?" என்று மனம் சோர்ந்த பெற்றோர் இதனைக் கருத்தில் வைக்க வேண்டும். தேர்வில் பின்தங்கிய பிள்ளை தொழிலிலும் பின்தங்கிவிடும் என்பது உண்மையன்று. முழு நேரமாகப் பயில விரும்புவோர்க்கு நம் மாநிலத்திலேயே பாசிர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவியும் உண்டு. அது கடன், திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதை நினைவிற்கொள்க. இவ்வழிகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. மின்சாரத் தொழிலும் கணினித் தொழிலும் பெண்பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கின்றன.

இனி, உங்கள் மனத்தில் உள்ள தடையைப் பற்றிப் பேசுவோம். பயிற்சிக் காலத்தில் கிடைப்பது சிறிய உதவித்தொகை. பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றாலோ, பக்கத்துத் தொழிற்சாலையில் நாட்சம்பளத்துக்குச் சேர்ந்தாலோ அதைவிடக் கூடுதலான பணம் உடனே கைக்கு வரும். குடும்பத்தின் கடனும் தங்கையின் படிப்பும் கண்முன் நிற்கும்போது, இளைஞர் உடனடி வருமானத்தை நாடுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திறனின்றிச் செல்பவர் பத்தாண்டு கழித்தும் அதே வேலையில்தான் நிற்பார். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுபவரும் அவரே. திறனோடு செல்பவர் எங்குச் சென்றாலும் திறனாளராகவே செல்வார். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டாரத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. புதிய தொழில்கள் வரும்போது, வாயிற்காவலுக்கும் சுமை தூக்கவும் மட்டும் நம் பிள்ளைகள் அழைக்கப்படலாகாது. ஆகவே ஓராண்டு, ஈராண்டு காலம் குடும்பம் சற்றே பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் தாங்க வேண்டும்.

பயிற்சி என்ற பெயரில் மலிவாக வேலை வாங்குவோரும் இருக்கக்கூடும். ஆதலால் கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா? வேலைச் சட்டத்தின்படி தொழில் பழகுநர் ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதன் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமலும் இருபத்து நான்கு மாதத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கற்பிப்பவர் யார்? உதவித்தொகை எவ்வளவு? எந்தச் சான்றிதழ், எந்த நிலை? பயிற்சி நிலையம் திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் பெற்றதா? 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒப்பந்தமுள்ள தொழில் பழகுநரையும் தொழிலாளராகவே கருதுகிறது. எனவே சொக்சோவில் பெயர் பதிந்துள்ளதா என்றும் கேளுங்கள். இவற்றுக்கு நேரான விடை கூறாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். முன்பணம் கேட்கும் தரகரையும் நம்பாதீர்கள். சொக்சோ நிறுவனம் நடத்தும் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' வேலைப் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை.

பட்டறையிலும் மின்சாரப் பிரிவிலும் பல ஆண்டு உழைத்த பெரியவர்களுக்கும் ஒரு சொல். முன்பே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் நம் நாட்டில் உண்டு. செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டினால், மீண்டும் வகுப்பில் அமராமலே விண்ணப்பிக்கலாம். ஆகையால் இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். எந்த நாளில் எந்த இயந்திரத்தில் என்ன பழுது பார்த்தோம் என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பட்டறையில் துணை நிற்கும் பிள்ளைகளையும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள். முதலில் நான் குறிப்பிட்ட அந்த இளைஞரிடம் இப்படியொரு குறிப்பேடு இருந்திருந்தால், ஈராண்டு உழைப்புக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.

இளைய நண்பர்களே! பயிற்சியின் தொடக்கத்தில் தரையைக் கூட்டச் சொல்வார்கள்; கருவிகளைத் துடைக்கச் சொல்வார்கள். அதனை இழிவென்று எண்ணி ஓடிவந்துவிடாதீர்கள். உங்கள் தாய் தந்தையரும் முதிய மரத்தில்தான் கத்தி பழகினார்கள். ஆனால் மாதக்கணக்கில் கூட்டுவதும் துடைப்பதும் மட்டுமே வேலையாக இருந்தால், ஒப்பந்தத்தைக் காட்டிப் பணிவோடு கேளுங்கள். கற்றுக்கொள்வது உங்கள் கடமை. கற்பிக்கப்படுவது உங்கள் உரிமை.

பெற்றோர்களே! ஒரு மரத்துக்காக ஆறு ஆண்டு காத்திருந்த கைகள் உங்களுடையவை. உங்கள் பிள்ளைக்காக ஈராண்டு காத்திருங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.