கிராமத்துக்குள் போய்ப் பாருங்கள்



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலருக்கு என்றாவது ஓர் அழைப்பு வரும். கொடுமைகள் நடந்த ஒரு நாட்டுக்கு உண்மை அறியும் குழு புறப்படுகிறது, நீங்களும் வருகிறீர்களா என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் போக வேண்டும் என்பது என் விருப்பம். அப்படிப் போன சிலரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அர்ஜென்டினாவில் 1976 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இளைஞர்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தூக்கிச் சென்றார்கள். எங்கே என் பிள்ளை என்று கேட்ட தாய்க்கு, அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று பதில் வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 30,000 பேர் என்கின்றன அங்குள்ள மனித உரிமை அமைப்புகள். 1983 டிசம்பரில் மக்களாட்சி திரும்பியது. பெயரில்லாத புதைகுழிகளைத் தோண்டச் சொல்லி நீதிபதிகள் ஆணையிட்டார்கள். புல்டோசரை வைத்துத் தோண்டினார்கள். எலும்புகள் நொறுங்கின. ஒருவருடைய எலும்பு இன்னொருவருடையதோடு கலந்துபோனது. கொன்றவர்கள் மறைக்க நினைத்ததை, நீதி வேண்டித் தோண்டியவர்களே அழித்துக்கொண்டிருந்தார்கள்.

பேரக் குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்த பாட்டிமார்களின் அமைப்பும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்க எழுத்தாளர் எர்னெஸ்டோ சபாட்டோ தலைமை வகித்த ஆணையமும் அமெரிக்க அறிவியலாளர்களின் உதவியைக் கேட்டன. 1984 ஜூனில் ஒரு குழு புவெனஸ் அயர்ஸ் நகருக்கு வந்தது. அதில் ஒருவர் கிளைட் ஸ்நோ என்ற தடயவியல் மானிடவியலாளர். புல்டோசரை நிறுத்துங்கள் என்றார் அவர். தொல்லியல் அகழாய்வு போல, மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, தூரிகையால் துடைத்து, ஒவ்வோர் எலும்பும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்றார். அதைச் செய்ய ஆள் வேண்டுமே! அரசு மருத்துவர்களை நம்பக் குடும்பங்கள் தயாராக இல்லை. அனுபவமுள்ள ஆய்வாளர்கள் தயங்கினார்கள். முன்வந்தவர்கள் மாணவர்கள். மானிடவியல், தொல்லியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

அவர்கள் பயந்தார்கள். பயந்ததில் நியாயம் இருந்தது. மக்களாட்சி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இராணுவம் மறுபடி வந்தால் அடுத்த பட்டியலில் தங்கள் பெயர்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் வயதுடையவர்களின் எலும்புகளைக் கையில் எடுப்பதும் எளிதான காரியம் அல்ல. பகலில் வேலையைப் பாருங்கள், அழுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்நோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுஆண்டு இராணுவத் தலைவர்கள்மீது வழக்கு நடந்தபோது, அந்த எலும்புகள் சொன்னதை அவர் நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தார். முன்னாள் ஆட்சித் தலைவர் விடெலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஸ்நோ ஊர் திரும்பினார். மாணவர்கள் அந்த வேலையை விடவில்லை. அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு என்ற பெயரில் இன்றும் இயங்குகிறார்கள். காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார்களைத் திரட்டி 1977இல் முதன்முதலாகப் புவெனஸ் அயர்சின் மாயோ சதுக்கத்துக்கு அழைத்துவந்த அசுசெனா விய்யாஃப்ளோரையும் இராணுவம் அதே ஆண்டில் கடத்தியது. கடற்கரையில் ஒதுங்கி, பெயரில்லாமல் புதைக்கப்பட்ட அவருடைய உடலை 2005இல் இந்தக் குழுதான் அடையாளம் கண்டது. உயரத்திலிருந்து விழுந்ததற்கான முறிவுகள் எலும்புகளில் இருந்தன. கைதிகளை விமானத்திலிருந்து கடலில் தள்ளினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அது உடலே தந்த சாட்சி.

இதே குழு 1992இல் எல் சால்வடோருக்குப் போனது. உள்நாட்டுப் போர் நடந்த அந்த நாட்டின் எல் மோசோட்டே கிராமத்தில் 1981 டிசம்பரில் இராணுவப் படையொன்று மக்களைக் கொன்று குவித்திருந்தது. அடுத்த மாதமே பத்திரிகையாளர்கள் மலைப்பாதையில் நடந்து போய், பிணங்களைப் பார்த்து, தப்பிப் பிழைத்த ருஃபினா அமாயாவிடம் பேசி எழுதினார்கள். அமெரிக்கத் தூதரகமும் இரண்டு அதிகாரிகளை விசாரிக்க அனுப்பியது. அவர்கள் ஹெலிகாப்டரில் மேலே பறந்தார்கள். சிப்பாய்கள் உடனிருக்க அகதிகளிடம் பேசினார்கள். கிராமத்துக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. அரசுப் படை திட்டமிட்டுப் படுகொலை செய்ததற்குச் சான்று இல்லை என்று தூதரகம் வாஷிங்டனுக்கு எழுதியது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எல் சால்வடோர் அரசுக்கு அமெரிக்க உதவிப் பணம் தொடர்ந்து போனது. ருஃபினா அமாயா சொன்னது பத்தாண்டுக் காலம் கிளர்ச்சியாளர்களின் பிரசாரம் என்று ஒதுக்கப்பட்டது.

அர்ஜென்டினக் குழு தேவாலயத்தை ஒட்டிய ஒரு சிறிய கட்டடத்தைத் தோண்டியது. 143 பேருடைய எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள். கூடவே கிடைத்த தோட்டா உறைகளில் பெரும்பாலானவற்றில் அமெரிக்க ஆயுத ஆலையின் முத்திரை இருந்தது. இது போரில் நடந்த மோதல் என்று அதன் பிறகு யார் சொல்ல முடியும்? எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. 1982லேயே அந்தத் தூதரக அதிகாரிகள், எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம், நாங்கள் நடந்தே போகிறோம் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

மறுபடி அர்ஜென்டினாவுக்கு வருகிறேன்; விசாரிக்கப் போகிறவர்களால் மற்றவர்களுக்கு வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் புவெனஸ் அயர்சில் விசாரணை நடத்தியது. இராணுவ ஆட்சி அப்போது முழு பலத்தோடு இருந்தது. கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் அடைத்து வைத்திருந்த கைதிகளைப் படகில் ஒரு தீவுக்குக் கடத்தினார்கள். சாட்சிகள் சொன்ன அடையாளம் பொருந்தக் கூடாது என்று கட்டடத்தின் படிக்கட்டைக்கூட மாற்றினார்கள். புகார் கொடுக்க வந்தவர்கள் மாயோ நிழற்சாலையில் வரிசையாக நின்றார்கள். அந்த நாட்களில்தான் டோக்கியோவில் மரடோனா ஆடிய அர்ஜென்டின இளையோர் கால்பந்து அணி உலகக் கோப்பையை வென்றது. வெற்றியைக் கொண்டாடிய கூட்டத்தை அதே தெருவுக்குப் போகச் சொல்லி வானொலி வர்ணனையாளர் தூண்டினார். ஆரவாரமும் வசவும் சூழ நின்ற அந்தப் பெற்றோர்கள் வரிசையை விட்டு நகரவில்லை. 5,580 புகார்கள் பதிவாயின. ஆணையத்தினர் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தவர்கள் அதே ஆட்சியின் கீழ் இன்னும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

ஆகவே, உங்களை அழைப்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: எங்களிடம் பேசுகிறவர்களை நாங்கள் திரும்பிய பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? பதில் இல்லையென்றால், அந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்கும்வரை யாரிடமும் பெயர் கேட்காதீர்கள். கேமராவை வெளியே எடுக்காதீர்கள். போவதென்று முடிவானால், அந்த ஊர் மொழியில் நான்கு வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் யாருடைய ஆள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எலும்பைப் படிக்கத் தெரிந்தவர் எலும்பைப் படிக்கட்டும், கணக்கு தெரிந்தவர் மயானப் பதிவேட்டைப் புரட்டட்டும், சட்டம் தெரிந்தவர் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் நிற்கும்படி எழுதட்டும். அங்குள்ள மாணவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள். யாராவது உங்களை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னால், அவருடைய பதவியையும் சொன்ன நேரத்தையும் குறித்துக்கொண்டு, உள்ளே போக வேறு வழி இருக்கிறதா என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள்.