பருத்த உடலும் பழிச்சொல்லும்

பொது வண்டிகளிலே ஏறுவதற்கும், சபைகளிலே அமர்வதற்கும், கடைத்தெருவிலே நடப்பதற்கும் கூசிய முதியவர் ஒருவர் 1862ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் வாழ்ந்து வந்தார். அவர் கடனாளியல்லர்; குற்றம் புரிந்தவருமல்லர். நகரத்திலே மதிப்பும் பொருளும் படைத்தவர். அவரைக் கண்டவிடத்து வாய்விட்டு நகைத்தற்கும், காதிலே விழும்படி ஏளனம் பேசுதற்கும் வழிப்போக்கர் கண்ட காரணம் ஒன்றே. அவர் பருத்திருந்தார். வில்லியம் பான்டிங் என்பது அவர் பெயர்.

பான்டிங்கின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஈமச் சடங்குகளை நடத்திவைக்கும் தொழிலர். அரச குடும்பத்தினரின் இறுதி ஊர்வலங்களை ஒழுங்கு செய்யும் உரிமை அவர்களிடம் இருந்தது. 1852ஆம் ஆண்டிலே வெலிங்டன் பிரபுவுக்கும், 1861ஆம் ஆண்டிலே விக்டோரியா மகாராணியாரின் கணவரான அல்பேட் இளவரசருக்கும் இறுதிக் கடன்களை ஒழுங்கு செய்தவர்கள் அக்குடும்பத்தாரே. பிறருடைய உடலுக்குப் பெட்டி அளந்தே வாழ்ந்த ஒருவர், தம்முடைய உடலின் அளவினாலேயே ஊரார் வாய்க்கு இரையானார் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

அவருடைய உயரம் 5 அடி 5 அங்குலம்; நிறை 202 இறாத்தல். இக்காலக் கணக்கிலே ஏறத்தாழ 92 கிலோகிராம். குனிந்து தம் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொள்ள அவரால் இயலவில்லை. மாடிப்படியிலே நேர்முகமாக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் உடற்பாரத்தைத் தாங்கா. ஆகவே பின்புறமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக, மெல்ல மெல்ல இறங்குவார். பார்வை மங்கிவந்தது, காதும் மந்தமாகிக்கொண்டிருந்தது. இவ்வளவு துன்பத்திலும் அவரை மிகுதியும் வருத்தியது பிறருடைய நகையே என்பதை அவரே பின்னர் எழுதியிருக்கின்றார்.

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழும். அம்மனிதர் வாயைக் கட்டியிருக்கலாகாதா? சோம்பலை விட்டு உழைத்திருக்கலாகாதா? அன்று அவரைக் கண்டு நகைத்தோரும் இதையே எண்ணினர். ஆனால், பான்டிங் செய்து பாராத முயற்சி இல்லை எனலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வைத்தியர்களை நாடியிருந்தார். உடலை வருத்தி உழைத்தல் வேண்டுமென்று ஒரு வைத்தியர் கூறினார். நாள்தோறும் விடியற்காலையிலே ஆற்றுக்குச் சென்று, பாரமான படகொன்றை இரண்டு மணி நேரம் வலித்தார். கைகள் வலுப்பெற்றன, அவற்றோடு பெரும் பசியும் பிறந்தது. பசிக்கு உண்டார், மேலும் பருத்தார். படகு வலித்தலை நிறுத்திவிடும்படி அந்த வைத்தியரே பின்னர் கூற நேர்ந்தது! கடற்காற்று நல்லதென்றார் இன்னொருவர், கடற்கரைக்குச் சென்றார். மருத்துவ நீரூற்றுக்கள் உள்ள ஊர்களுக்குப் போய்ப் படி படியாக அந்நீரைப் பருகினார். துருக்கியர் முறையிலான வெந்நீராவிக் குளியல் பல குளித்தார். குறைவாக உண்ணுங்கள் என்றனர். அதையும் செய்து பார்த்து, உடல் தளர்ந்து, கட்டிகள் தோன்றித் துன்புற்றார். ஒழுக்கமும் முயற்சியுமே உடலை மெலியச் செய்யுமாயின், இலண்டனிலே அவரைப் போல் மெலிந்தவர் வேறெவரும் இருந்திருத்தல் இயலாது.

பருத்தவரைக் கண்டு நகைப்பது ஆங்கிலேயருக்கு என்றும் உள்ள இயல்பு என்று கொள்ளுதலும் பொருந்தாது. பான்டிங்கின் இளமைக் காலத்திலே, லெஸ்டர் நகரத்துச் சிறைக் காவலராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற டானியல் லாம்பேட் என்பவர் 1806ஆம் ஆண்டிலே இலண்டனுக்கு வந்தார். 1809ஆம் ஆண்டிலே அவர் இறந்தபோது அவருடைய நிறை 739 இறாத்தல். பான்டிங்கைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். பிக்கடிலி வீதியிலே ஒரு வீட்டில் அமர்ந்து, ஆளுக்கு ஒரு சிலிங் பெற்றுக்கொண்டு அவர் காட்சி கொடுத்தார். வந்தவர்கள் தொப்பியைக் கழற்றி மரியாதையாக நடத்தல் வேண்டுமென்பதிலே அவர் மிகக் கண்டிப்புடையவர். கனவான்களும் சீமாட்டிகளும் வந்து உரையாடிச் சென்றனர். அக்காலம் நெப்போலியனோடு போர் நடந்த காலம். சித்திரக்காரர்கள் லாம்பேட்டின் பேருடலை இங்கிலாந்தின் வளத்துக்கும் வலிமைக்கும் அடையாளமாக வரைந்து, அதன் எதிரே சிற்றுருவினனாக நெப்போலியனை நிறுத்தினர். அவர் தண்ணீரன்றி மதுவருந்தாதவர், பிறரினும் மிகுதியாக உண்ணாதவர் என்று அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர்.

லாம்பேட் இலண்டனிலே போற்றப்பட்டதற்கும் பான்டிங் அங்கே நகைக்கப்பட்டதற்கும் இடையே கழிந்தவை ஐம்பத்தாறு ஆண்டுகளே. மனித உடல் அதற்குள் மாறிவிடவில்லை. பார்க்கும் கண் மாறிவிட்டது. யந்திரத் தொழில் பெருகி, முயன்றவன் உயர்வான் என்னும் உபதேசம் எங்கும் ஒலித்த காலம் அது. சாமுவேல் சுமைல்ஸ் என்பார் தன்முயற்சியைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற நூல் வெளிவந்தது 1859ஆம் ஆண்டிலே. அத்தகைய காலத்திலே வறுமையுற்றவனும், நோயுற்றவனும், பருத்தவனும் தத்தம் நிலைக்குத் தாமே பொறுப்பாளிகளாயினர். பிறனைக் குறை கூறுதற்கு இதனினும் இலகுவான நியாயம் ஏது? அந்நியாயம் இன்றும் வழக்கொழிந்து போகவில்லை.

பான்டிங்குக்கு வழி பிறந்தது காதின் வாயிலாக. செவி மந்தத்துக்குப் பரிகாரம் தேடி, 1862ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, வில்லியம் ஹார்வி என்னும் செவி வைத்தியரிடம் அவர் சென்றார். இரத்தோட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு. அவர் இருநூறு ஆண்டு முந்தியவர். இந்த ஹார்வி சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரிலே குளோட் பேர்னாட் என்னும் பேரறிஞர் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டவர். ஈரலானது ஒருவகைச் சீனியை உண்டாக்குகின்றது என்றும், நீரிழிவின் தன்மை இன்னதென்றும் அங்கே கேட்டறிந்தவை அவர் உள்ளத்திலே ஊறிக்கொண்டிருந்தன. நோயாளியைப் பார்த்த அவர், காதிலே பழுதில்லை, உடற்கொழுப்பே காரணம் என்று முடிவு செய்தார். எவ்வளவு உண்கின்றீர் என்பதோடு அவர் நின்றுவிடாமல், எதை உண்கின்றீர் என்றும் கேட்டார்.

அதுகாறும் பான்டிங் உண்டுவந்தவை, அவர் எண்ணத்திலே, மிகவும் எளிய உணவுகள். காலையிலே பாலும் பாணும், அல்லது பாலும் சீனியும் தாராளமாகச் சேர்த்த தேநீரும் வெண்ணெய் தடவிய பாணும். மதியம் இறைச்சியோடு பியரும் நிறையப் பாணும் மாப்பண்டமும். மாலையிலே மீண்டும் காலையுணவு போன்றதே. இரவிலே பழம் வைத்துச் சுட்ட பண்டம். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விலக்குமாறு ஹார்வி பணித்தார். இறைச்சியும் மீனும் காய்கறியும் உண்ணலாம். உலர்ந்த பாண் ஓர் அவுன்சு மட்டும் சேர்க்கலாம். தேநீரைப் பாலும் சீனியுமின்றி அருந்தவேண்டும். திராட்சை மதுவோ நாள்தோறும் சில கிண்ணம் அனுமதிக்கப்பட்டிருந்தது. இன்றைய வைத்தியர் எவரும் ஒப்பாத பகுதி அது. பான்டிங் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

ஓராண்டு கழிந்தது. 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அவர் நிறை 156 இறாத்தல். குறைந்தது 46 இறாத்தல். இடையின் சுற்றளவிலே 12 அங்குலத்துக்கு மேல். படிகளிலே நேர்முகமாக இறங்கினார். காது தெளிவாகக் கேட்டது.

தம்மைப் போல நகைக்கப்படுவோர் எங்கெங்கும் உள்ளனர் என்பதை அவர் மறந்தாரல்லர். 1863ஆம் ஆண்டிலே, தம் 66ஆம் வயதிலே, உடற்பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்ற முறையிலே சிறு பிரசுரம் ஒன்றை எழுதித் தம் செலவிலே அச்சிட்டு இலவசமாக வழங்கினார். கேட்போர் தொகை பெருகவே, மூன்றாம் பதிப்பிலிருந்து சிறு விலைக்கு விற்று, வந்த இலாபத்தைத் தருமங்களுக்குக் கொடுத்தார். சில ஆண்டுகளிலே 60,000 பிரதிகளுக்கு மேல் பரவின. பருமனாலே துன்புற்றோர் பலர் கடிதம் எழுதி நன்றி கூறினர்.

வைத்திய உலகமோ சீறியது. ஈமத்தொழில் செய்பவனுக்கு வைத்தியத்திலே என்ன வேலை என்றனர் சிலர். இது முன்னரே அறிந்ததுதானே என்றனர் வேறு சிலர். முன்னரே அறிந்திருந்தால் முப்பது ஆண்டுகளாக அம்மனிதரை ஏன் படகு வலிக்க விட்டார்கள் என்பதற்கு விடை வரவில்லை. நகைச்சுவைப் பத்திரிகைகள் அவரைப் படம் வரைந்து கேலி செய்தன. பருத்திருந்தபோது பருத்ததற்காக நகைத்த ஊர், மெலிந்த பின்னர் மெலிந்ததற்காக நகைத்தது.

பான்டிங்கின் வரலாற்றைத் தனிமனிதப் பொறுப்புக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அதற்கு எதிரான சான்றாகக் காட்டுவோரும் உளர். இரு சாராரும் பாதியையே காண்கின்றனர். பாணையும் சீனியையும் விலக்கிய கை பான்டிங்கின் கையே. வேறெவரும் அதை அவருக்காகச் செய்திருக்க முடியாது. ஆயினும், அந்தக் கைக்கு எதை விலக்குவதென்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வாய்க்கும்வரை அவருடைய மன உறுதி முழுவதும் ஆற்று நீரிலே கரைந்தது. அறிவு வந்தடையாத இடத்திலே பொறுப்பைச் சுமத்துதல், விளக்கில்லாத அறையிலே ஊசியைத் தேடச் சொல்லி அடிப்பது போன்றது. அளவறிந்து உண்ணுதலைப் பற்றி வள்ளுவர் கூறுவனவும் இவ்விடத்திலே நினைக்கத்தக்கவை. புலால் மறுத்தலை அறத்துப்பாலிலே வைத்த அவர், உண்ணும் அளவைப் பொருட்பாலிலே ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். மிகுதியுணவை அவரும் கண்டிக்கின்றார். ஆனால் அங்கே ஒலிப்பது வைத்தியனின் குரல்.

மன உறுதிக்கு எட்டாத இடமும் உண்டு. உடற்கொழுப்பிலிருந்து ஒருவகைச் சுரப்பு இரத்தத்திலே கலந்து, சேமிப்புப் போதுமானது என்ற செய்தியை மூளைக்கு அறிவிக்கின்றது. லெப்டின் எனப்படும் அச்சுரப்பை 1994ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்திலே ஜெப்ரி பிறீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். மூன்றாண்டுகளின் பின், கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். அவர்கள் ஒரே குடும்பத்து உறவினர். எட்டு வயதுச் சிறுமியின் நிறை 86 கிலோகிராம். இரண்டு வயதுச் சிறுவனின் நிறை 29 கிலோகிராம். எவ்வளவு உண்டாலும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. அவர்கள் உடலிலே லெப்டின் இல்லவே இல்லை என்பது ஆராய்ச்சியிலே புலப்பட்டது. சிறுமிக்கு அச்சுரப்பை ஊசி மூலம் ஏற்றத் தொடங்கிய சில நாட்களிலே பசி தணிந்தது. ஓராண்டிலே 16 கிலோகிராம் குறைந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பெருந்தீனிக்காரி என்று எவரேனும் கூறியிருந்தால், அச்சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இவ்வாறான பிறவிக் குறை மிக மிக அரிது. பருத்தோர் எல்லாரும் தமக்கு லெப்டின் இல்லை என்று கூறிக் கையை விரித்தலாகாது. பெரும்பாலாருக்கு அது வேண்டிய அளவினும் மிகுதியாகவே சுரக்கின்றது, மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பரம்பரை, பழக்கம், உறக்கம், தொழில், கடையிலே மலிவாகக் கிடைக்கும் பண்டம் ஆகிய பலவும் கூடி இழுக்கும் கயிறு இது. இலங்கையிலே 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானப் போத்தல்களிலே நிறக்குறி இடப்பட்டது. 100 மில்லிலீற்றரிலே 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. அடுத்த ஆண்டிலே சீனியின் அளவைக் கொண்டு வரியும் விதிக்கப்பட்டது. குடிப்பவனைக் குறை கூறுவதை விட்டு, போத்தலைப் பார்த்து அரசு பேசிய முதல் வார்த்தை அது எனலாம்.

வீடுகளிலே வழங்கும் முறை வேறு. விருந்துக்கு வந்த பிள்ளையின் இலையிலே, போதும் போதும் என்று கையால் மறைத்த பின்னும், விரலிடுக்கு வழியாகச் சோறு விழும். “உன் வயதிலே கல்லையும் தின்று செரிக்கலாம், பிள்ளை, வெட்கப்படாதே” என்பார் மாமியார். வடையும் பாயசமும் தொடரும். அதே பிள்ளை கை கழுவி முற்றத்திற்கு வருமுன், “பெண் நன்றாகப் பருத்துவிட்டாள், இனி மாப்பிள்ளை தேடுவது கடினம்” என்று அதே வாய் அயல் வீட்டாரிடம் கூறும். மெலிந்தவள் வந்தாலோ, “வீட்டிலே சாப்பாடு கொடுப்பதில்லையா?” என்னும் விசாரணை. ஊட்டுவதற்கும் பழிப்பதற்கும் ஊரார் உரிமை பெற்றிருக்க, பொறுப்பு மட்டும் அந்தப் பெண்ணுக்கு என்பது என்ன கணக்கோ!

பான்டிங் பழைய நிறைக்குத் திரும்பாமல் 1878ஆம் ஆண்டுவரை வாழ்ந்து, 81ஆம் வயதிலே காலமானார். நகைத்தவர்களின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. சுவீடன் நாட்டு மொழியிலே, உடல் மெலிய உணவைக் கட்டுப்படுத்துதலைக் குறிக்கும் வினைச்சொல் ‘பான்டா’ என்பது. அவருடைய பெயரிலிருந்து பிறந்தது. அந்நாட்டிலே தேநீருக்குச் சீனி வேண்டாமென்று மறுப்பவர் இன்றும் அந்தச் சொல்லையே கூறுகின்றார். அது இலண்டன் நகரத்து ஈமத்தொழிலர் ஒருவரின் பெயரென்பதை அறிந்தோ, அறியாமலோ.