கலரிஸ்டிடம் வீடியோ கொடுக்கும் முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சீமந்தம், காதுகுத்து, சதாபிஷேகம் என்று நம் ஹாலில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. இப்போது நாமே செல்போனில் எடுத்து, பிள்ளைகளை விட்டு எடிட் செய்துவிடுகிறோம். முகம் மஞ்சளாகவோ பச்சையாகவோ விழுந்திருந்தால், நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்டிடம் காசு கொடுத்து ஒப்படைக்கிறோம். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு நானும் எடிட்டிங் பழகினேன். பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், எந்த செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்து கொடுப்பது?"

ஏன் இது முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்பில் ஒரு பெரியவரின் 80-ஆம் கல்யாணத்தை எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, போனில் இடமில்லை என்று ஒரிஜினலை அழித்துவிட்டார்கள். சில மாதத்தில் பெரியவர் காலமானார். இருந்த வாட்ஸ்அப் பிரதியைக் கலரிஸ்டிடம் கொண்டுபோனார்கள். முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியதுமே கட்டம் கட்டமாக உடைந்தது. அவர் திறமையில் குறையில்லை. சரிசெய்ய அந்த ஃபைலில் சரக்கு இல்லை. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

பேங்கில் வட்டிக் கணக்கைக் கடைசியில் ஒரே முறைதான் ரவுண்ட் செய்வோம். வரிக்கு வரி பைசாவைத் தள்ளினால் கூட்டல் இடிக்கும். வீடியோவும் அப்படித்தான். எச்.264 போன்ற முறைகள், கண்ணுக்குத் தெரியாத விவரங்களைத் தள்ளித்தான் ஃபைலைச் சுருக்குகின்றன. பார்ப்பதற்கு அது போதும். ஆனால் கலரிஸ்ட் தேடுவது அந்தத் தள்ளிய பைசாவைத்தான். ஆகவே சுருக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதல் யோசனை: முடிந்தால் எக்ஸ்போர்ட்டே வேண்டாம். கேமராவில் பதிவான ஒரிஜினல் ஃபைல்களையும் எடிட்டிங் புராஜெக்டையும் சேர்த்துக் கொடுங்கள். அடமானத்துக்கு நாங்கள் மூலப் பத்திரம் கேட்போமே தவிர, ஜெராக்ஸ் வாங்க மாட்டோம்.

எக்ஸ்போர்ட் செய்துதான் ஆக வேண்டும் என்றால், ஆப்பிள் கணினியில் 'புரோரெஸ் 422 எச்.க்யூ.', விண்டோஸில் 'டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எச்.க்யூ.எக்ஸ்.' தேர்ந்தெடுங்கள். கடைசி 'எக்ஸ்' எழுத்தைக் கவனியுங்கள். அது இல்லாத எச்.க்யூ. 8 பிட்தான். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024 படிகள். மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது படிகள் போதாததால்தான். ஆனால் போன் 8 பிட்டில் எடுத்ததை 10 பிட்டாக மாற்றினால் புது விவரம் முளைக்காது. இருப்பது மேலும் தேயாமல் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அளவையும் வேகத்தையும் மாற்றாதீர்கள். 4கே-யில் எடுத்தால் 4கே-யாகவே கொடுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 25, 30 என்றால் 30. பல போன்களில் இந்த எண்ணிக்கை பதிவின் நடுவே ஏறி இறங்கும். அதனால் எடிட்டைத் தொடங்கும்போதே நிலையான ஒரு எண்ணை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போகப்போக வாயசைவும் குரலும் ஒட்டாது.

மூன்றாவது, ஒரகடம் கார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். பாடி ஷாப்பிலிருந்து பெயிண்ட் ஷாப்புக்குப் போகும் வண்டியில் யாராவது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்களா? அதுபோல ஃபில்டர், அழகூட்டும் எஃபெக்ட், பெயர் எழுத்து எதுவும் படத்தின் மேல் இருக்கக் கூடாது. எழுத்துகளை நிறம் முடிந்து வந்த பிறகு சேர்க்கலாம். உங்களுக்கு எந்தச் சாயல் பிடிக்கும் என்று காட்ட ஒரு சின்ன மாதிரிப் பிரதியைத் தனியாகக் கொடுங்கள்.

நான்காவது, இடம். புரோரெஸ் 422 எச்.க்யூ.வில் 1080 அளவு, 25 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 80 ஜிபி ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் கொடுப்பதே உத்தமம். பெரிய ஃபைலைப் பென் டிரைவ் ஏற்கவில்லையென்றால் அது பழைய ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள்.

கொடுக்கும் முன் கேஷ் டேலி பார்ப்பதுபோல ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிமிடம், ஃபிரேம் எண்ணிக்கை, சத்தம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கூடவே கொடுங்கள். வேலை முடிந்து கைக்கு வரும்வரை ஒரிஜினலை அழிக்காதீர்கள். வந்த பிறகும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

சினிமாவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1964-இல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மறுபடி தியேட்டருக்கு வந்து 100 நாளைத் தாண்டி ஓடியது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. எத்தனை நவீனக் கருவி வந்தாலும் அதை இனி யாரும் சரிசெய்ய முடியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் முகமும் அப்படி ஆகிவிடக் கூடாது.

இந்த வாரமே உங்கள் போனில் அழிக்கக் காத்திருக்கும் வீடியோக்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வையுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்தே செய்துவிடலாம்.