தெரிந்து தெளிதல்

(நம் சங்கத்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவள்ளுவனார் பொருட்பாலில் ஓர் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயர் அமைத்தார். தெளிதல் என்பதற்கு ஈண்டு நம்புதல் என்பது பொருள். ஆராய்தல் முன்னும் நம்புதல் பின்னுமாக அச்சொற்கள் நிற்கும் முறையை நோக்குங்கள். ஒருவரையொருவர் ஆராய்ந்தறிய வழி யாது? உடனிருந்து பயிலுதலே என்பது என் துணிபு. இதற்கு ஒரு சான்று கூறுவேன்.

1944 ஆம் வருஷம் ஜூன் மாதம் 6 ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சில நிமிஷங்களில், பிரான்சு தேசத்து நார்மண்டியில், இயந்திரமில்லாத கிளைடர் விமானங்கள் ஆறில் ஆங்கிலப் படைஞர் சுமார் 180 பேர் ஏறி வந்தனர். மேஜர் ஜான் ஹோவர்டு அவர்களின் தலைவர். கான் கால்வாயின் மேலும் ஓர்ன் ஆற்றின் மேலும் உள்ள இரண்டு பாலங்களைச் சிதையாமல் கைப்பற்றுதலே அவர்கள் கடமை. அது தவறின், ஆற்றுக்குக் கிழக்கே இறங்கும் பாராசூட் சேனை துணையின்றித் தனிப்பட்டுவிடும்.

இதன்பொருட்டு அவர்கள் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தருகே, ஆறும் கால்வாயும் அடுத்தடுத்துள்ள இடத்திலே, பாலங்களைத் தாக்கிப் பன்முறை பயின்றனர். விமானமோட்டிகள் இருளுக்குப் பழகும்படி பகலிலேயே கருங்கண்ணாடி அணிந்து விமானத்தை இறக்கிப் பழகினர். ஹோவர்டு கைக்கொண்ட முறை ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. எப்பிரிவு முதலில் இறங்குமென்பது உறுதியன்று. ஆதலின் ஒவ்வொரு பிரிவும் எல்லாப் பிரிவின் வேலையையும் பயிலும்படி செய்தார்.

அதன் பயன் அவ்விரவில் விளங்கிற்று. முதற்பிரிவின் தலைவர் லெப்டினெண்டு பிராதரிட்ஜ் பாலத்தைக் கடக்கையில் குண்டுபட்டு வீழ்ந்து உயிர் நீத்தார். அப்பாலத்தருகே இறங்கிய மற்றை இரு பிரிவுத் தலைவர்களும் காயமுற்றனர். துணைத்தலைவர் ஏறிய விமானமோ வழிதவறி வேறோர் ஆற்றங்கரையில் இறங்கிற்று. எனினும் வேலை நின்றதில்லை. அடுத்த நிலையிலிருந்தோர் முன்வந்து நடத்தினர். சுமார் கால் மணி நேரத்திற்குள் இரு பாலங்களும் கைவசமாயின.

போரைப் புகழ்தற்கு யான் இதனைக் கூறினேனல்லேன். தன் கடமையை அறிதல் பாதிப் பயிற்சி; அயலான் கடமையையும் அறிதலே முழுப் பயிற்சி என்பதை வற்புறுத்தவே கூறினேன். இருளிலே தோழன் செய்வது கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் அவன் செய்வான் என்ற தெளிவு உள்ளத்தில் இருக்கும். அத்தெளிவு பிரசங்கத்தால் வருவதன்று.

இனி நம்மையே வினவிக்கொள்வோம். பொருளாளர் நோயுற்றால் கணக்கேட்டைத் திறப்பார் யார்? காரியதரிசி ஊரில் இல்லையெனின் ஏழைப் பிள்ளைகளின் உபகாரச் சம்பளம் உரிய நாளில் சேருமா? ஒருவர் தோளிலே முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு அதனை நம்பிக்கை என்கின்றோம். அது நம்பிக்கையன்று, சோம்பலே. இளைஞர் இருவர் மாதந்தோறும் முறைமாறி ஒவ்வொரு வேலையையும் பெரியோருடன் இருந்து பழகுவாராக. பெரியோரும் கையிலுள்ளதை மறையாது காட்டுவாராக. அங்ஙனம் பழகின், நம்முள் எவர் வீழினும் சங்கம் வீழாது.