பரீட்சையை நிறுத்தினால் மட்டும் போதுமா?

(வலப்பனையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிப் பரீட்சையை நடத்துவதா, நிறுத்துவதா என்னும் வழக்கை உங்கள் முன் வைக்கிறோம். நோய் ஓய்ந்தபின் இப்பேச்சு எதற்கு என்பீர்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பது முன்னோர் மொழியன்றோ?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அக்டோபர் 4ஆம் நாள் மினுவாங்கொடைத் தொற்று வெளிப்பட்டது, மீண்டும் மூடினார்கள். ஆயினும் 11ஆம் நாள் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. மறுநாள் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் புலமைப்பரிசில் பரீட்சையோ 2022 ஜனவரி 22 வரை தள்ளிப்போயிற்று.

நாளைத்தான் தள்ளினார்கள், நியாயத்தை எண்ணினார்களா? கொழும்பில் தனியறையும் கணினியும் உள்ள பிள்ளைக்கும், இராகலை லயத்தில் ஒற்றைக் கைத்தொலைபேசிக்கும் சிக்னல் கிட்டாமல், தாய் கொழுந்தெடுத்துத் திரும்பும்வரை தம்பியைச் சுமந்திருந்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்! சமமற்றோரை ஒரே தராசில் நிறுத்துவது சமத்துவமாகுமா? அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கல்வியில் சமவாய்ப்பை அரசின் நெறியாகக் கூறுகிறது. அந்நெறியை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தில் வழக்காட இயலாது. ஆதலால்தான் மக்கள் மன்றத்துக்கு வந்திருக்கிறோம்.

அப்படியானால், இரத்துச் செய்துவிட்டால் தீர்ந்ததா? தீராது, தோழர்களே! தமிழகத்தில் 2020 ஜூன் 9ஆம் நாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை இரத்துச் செய்து, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடுமாக மதிப்பெண் வழங்கினர். உயிர்காத்த முடிவு அது. ஆனால், வீட்டு வறுமையால் பள்ளிக்கு வரவியலாத பிள்ளைக்கு வருகைப் பதிவேடு நீதி வழங்குமா?

இங்கிலாந்தில் அதே ஆண்டு பரீட்சையை நிறுத்தி, பள்ளியின் பழைய பெறுபேற்றையும் சேர்த்து எடைபோடும் சூத்திரமொன்றை ஏவினர். ஆசிரியர் மதிப்பிட்ட உயர்தரப் பெறுபேறுகளில் நூற்றுக்கு நாற்பதளவு குறைக்கப்பட்டன. மாணவர் வீதிக்கு வந்தனர். ஆகஸ்ட் 17ஆம் நாள் அரசு பின்வாங்கியது. அச்சூத்திரம் நம் மலைக்கு வந்திருந்தால்? விஞ்ஞான ஆசிரியரின்றித் தவித்த பள்ளியின் பழைய தோல்வி, இன்று படிக்கும் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கும்! பெயரும் ஊரும் பாராது திருத்தப்படும் விடைத்தாளே நம் பிள்ளைகளுக்குள்ள ஏணி. அதை எடுப்போர், மாற்று ஏணி வைத்த பின்பே எடுக்க வேண்டும்.

ஆகவே மூன்று கோருகிறோம். ஒன்று: பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்ட ஆண்டில், பத்து வயதுப் பிள்ளைகளின் போட்டிப் பரீட்சையை இரத்துச் செய்க; உதவிப்பணத்தைக் குடும்ப வருமானம் பார்த்து வழங்குக. இரண்டு: சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகளை, விடுபட்ட பாடங்களைக் கற்பித்த பின்னரே நடத்துக. மூன்று: எந்நிலையிலும் பள்ளியின் பழைய பெறுபேற்றைக் கொண்டு பிள்ளையை அளக்காதிருக்க.

இவற்றை அடுத்த நோய் வந்தபின் அவசர அவசரமாக எழுதுவதில் பயனில்லை. இன்றே சட்டமாக்குக என்று இக்கூட்டம் தீர்மானிக்கட்டும். கையெழுத்திடுங்கள், கல்வி அமைச்சுக்கு அனுப்புவோம். நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை. அதன் சுமை மட்டும் ஏழையைத் தேடி வருவதை இனியும் பொறுப்பதற்கில்லை!