ஏலக்காய்க்கு ஒரு விலை. எடுத்த கைக்கு என்ன விலை?

(போடிநாயக்கனூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலைவாசி என்றால் நாம் வழக்கமாகக் கடை வாசலில்தான் நின்று பேசுகிறோம். அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று இன்னொரு வாசலுக்குப் போவோம். அது பொருள் பிறக்கிற இடத்து வாசல். ஏலக்காய் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது அதற்கு என்ன விலை? நூல் ஆலையை விட்டுக் கிளம்பும்போது அதற்கு என்ன விலை? உற்பத்தி செய்தவன் கையில் வந்து சேருகிற இந்த விலைக்குத்தான் உற்பத்தியாளர் விலை என்று பெயர்.

இது தோட்டக்காரன் கணக்கு, மில் முதலாளி கணக்கு, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. நமது கூலி இந்த விலைக்குள்ளிருந்துதான் வர வேண்டும். கூலி உயர்வு கேட்டால் "காய்க்கு விலை இல்லையே!" என்று வாயை அடைப்பதும் இந்த விலையைக் காட்டித்தான். ஆகவே அந்தக் கணக்கை நாமும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புள்ளி என்பது என்ன?

ஆலைத் தொழிலாளிக்குப் "புள்ளி" புதிதல்ல. பஞ்சப்படி அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, இன்று அதே பொருள்கள் என்ன விலை விற்கின்றன என்று ஒப்பிட்டால் கிடைப்பதே விலைவாசிக் குறியீட்டு எண். ஆலைத் தொழிலாளர் குடும்பம் கடையில் கொடுக்கிற விலையை அளக்க ஒரு குறியீடு. விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தனியாக ஒரு குறியீடு.

இவை தவிர மொத்த விலைக் குறியீடு ஒன்றும் உண்டு. இது 1942 ஜனவரியில், யுத்த காலத்தில், 1939 ஆகஸ்டு விலையை 100 ஆக வைத்துத் தொடங்கியது. அடிப்படை ஆண்டு பலமுறை மாறி, 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசை 2017 மே மாதம் வெளிவந்தது. அதில் 697 பொருள்கள். நூறு பங்கில் ஏறத்தாழ 64 பங்கு ஆலைப் பொருள்களுக்கு. விளைபொருள், கனிமம் போன்றவற்றுக்கு 23 பங்குக்கும் குறைவு.

இந்த இரு வகைப் புள்ளிகளும் ஒன்றாகவே ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2022 மே மாதம் மொத்த விலை முந்தைய ஆண்டைவிட 16 சதவிகிதத்துக்கு மேல் ஏறி நின்றது. 2023-24இல் அதே மொத்த விலை சராசரியாகச் சற்றே இறங்கியது. ஆனால் அந்த ஆண்டில் கடை விலை இறங்கியதா? இல்லை! சில்லறை விலைவாசி 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. உற்பத்தி செய்கிற இடத்தில் விலை சாய்ந்தபோதும், நாம் வாங்குகிற இடத்தில் சாயவில்லை.

போடியின் கதை

இனி நம் ஊருக்கு வருவோம். போடியில் ஏலக்காய் மின்னணு ஏலத்துக்கு மாறியது 2007இல். அதற்கு முன் கூவி ஏலம் கேட்டார்கள். இன்று வியாபாரிகள் சாம்பிள் காயைக் கையில் எடுத்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் விலையைப் பதிகிறார்கள். மலைக்கு அந்தப்புறம் புத்தடியிலும் இதே ஏலம் நடக்கிறது. இரண்டும் நறுமணப் பொருள் வாரியத்தின் கண்காணிப்பில் இருப்பவை.

இந்த ஏலத்தில் விலை ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் இடுக்கியில் பெருவெள்ளம். தட்டையும் சரமும் அழுகின. அடுத்து 2019இன் தொடக்கத்தில் வறட்சி. காய் இல்லை. வெள்ளத்துக்கு முன் கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த ஏலக்காய், 2019 ஆகஸ்டு 3ஆம் தேதி புத்தடியில் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போயிற்று! ஊரெல்லாம் அதே பேச்சு. புதிதாகக் கன்று வைத்தார்கள், கடன் வாங்கி வைத்தார்கள். அந்தக் கன்றெல்லாம் காய்க்க ஆரம்பித்ததும் என்ன நடந்தது? 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. பிறகு 2024 கோடையில் கடும் வெயில், செடிகள் கருகின. அந்த ஆண்டுக் கடைசியில் விலை மறுபடியும் 2,500 ரூபாயைத் தாண்டியது.

இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் காய் எடுத்த பெண்ணின் நிலைமை என்ன?

போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போகிறவர்கள் நம் பெண்கள்தான். விலை 7,000 விற்றபோது செடியில் காய் இல்லை. ஆகவே வேலை நாளும் குறைந்தது. விலை ஆயிரத்துக்குக் கீழே போனபோது காய் நிறைய இருந்தது. ஆனால் "விலை இல்லை" என்று கூலி நின்ற இடத்தில் நின்றது. ஏறினாலும் வேலை இல்லை, இறங்கினாலும் கூலி இல்லை! சந்தையின் நஷ்டத்தில் மட்டும் பங்காளி, லாபத்தில் அந்நியர். இதுதான் இன்றைய ஏற்பாடு.

ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஏறத்தாழ ஒரு கிலோ உலர் காய் கிடைக்கும். அந்த ஐந்து கிலோவும் குனிந்த முதுகோடு, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தது. நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். தரம் பிரிக்கும் வேலையும் பெரும்பாலும் பெண்களுடையதே. எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, சிறு காய்க்கு ஒரு விலை. அதைப் பிரித்த கண்ணுக்கும் கைக்கும் மட்டும் ஒரே கூலி.

யார் விலையை வைப்பது?

சிறு தோட்டக்காரனையும் இதில் மறந்துவிடக் கூடாது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவன் விலை ஏறும்வரை காயைப் பூட்டி வைக்க முடியுமா? உரக் கடைப் பாக்கி நிற்கிறது, வட்டி நிற்கிறது. காய் உலர்ந்ததும் விற்றாக வேண்டும். சரக்கைப் பிடித்து வைக்கும் பலம் யாருக்கு உண்டோ, அவருக்கே அடுத்த ஏற்றத்தின் லாபம். ஒருமுறை விற்ற சரக்கே திரும்பவும் ஏலத்துக்கு வந்து விலையைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் நெடுநாளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் பெயரளவுக்காவது குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. ஏலக்காய்க்கு அதுவும் இல்லை.

விலை போடியில் மட்டும் தீர்மானமாவதும் இல்லை. கடல் கடந்து குவாத்தமாலா என்றொரு நாடு. நூறாண்டுக்கு முன் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே ஏலச் செடியைக் கொண்டுபோனார். இன்று உலகிலேயே அதிகம் ஏலக்காய் விளைவிக்கும் நாடு அதுதான். அரபு நாட்டுக் காப்பிக்குப் போகும் காயில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. அங்கே மழை பொய்த்தால் இங்கே விலை ஏறும். அங்கே அமோகமாக விளைந்தால் இங்கே விலை சாயும். அங்கே எடுக்கிற கையும் ஏழைக் கூலிக்காரக் கைதான்.

பருத்தியும் இதே பாதையில்

ஆலைத் தோழர்கள் "எங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்க வேண்டாம். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. விவசாயிகளில் பெரும்பாலோர் அதற்குள் பருத்தியை விற்று முடித்துவிட்டார்கள். பஞ்சு விலையைக் காட்டி மில்கள் உற்பத்தியைக் குறைத்தன, ஷிப்ட் குறைந்தது. நூல் விலை ஏறி நெசவாளி தறியை நிறுத்தினார். அடுத்த ஆண்டு பஞ்சு 60,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அப்போதாவது ஷிப்ட் நிறைந்ததா? "நூல் போகவில்லை" என்று அடுத்த காரணம் வந்தது. போடி மலையில் நடந்ததுதான் ஆலைக்குள்ளும் நடந்தது.

1923இல் சோவியத் நாட்டில் ஆலைப் பொருளின் விலை மேலே மேலே ஏற, விளைபொருளின் விலை கீழே கீழே இறங்கியது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் விரிந்த கத்தரிக்கோல் போலத் தெரிந்ததால், அதைக் கத்தரிக்கோல் நெருக்கடி என்றே அழைத்தார்கள். ஆலைப் பொருளின் விலையைக் குறைத்துத்தான் அந்தக் கத்தரியை மூட வேண்டியிருந்தது. இங்கே உரமும் பூச்சி மருந்தும் டீசலும் ஒரு கோடு. ஏலக்காய் மற்றொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பது கூலி.

நாம் செய்ய வேண்டியது

உற்பத்தியாளர் விலைக்கென்றே தனிக் குறியீடு வேண்டும் என்று அரசாங்கமும் நெடுங்காலமாகப் பேசி வருகிறது. 2014இல் ஒரு குழு, 2019இல் ஒரு குழு. 2025 ஜனவரியில் ரமேஷ் சந்த் தலைமையில் மற்றொரு குழு. அந்தக் குறியீடு வரட்டும், நல்லதே. ஆனால் உற்பத்தியாளர் விலையை அளப்பவர்கள், உற்பத்தி செய்த தொழிலாளியின் பங்கையும் அளக்க வேண்டாமா?

அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை.

ஒன்று: அன்றன்றைய ஏல விலை பகிரங்கமாக வெளிவருகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு பக்கத்தில் ஏலத்தின் சராசரி விலை. எதிர்ப் பக்கத்தில் அன்று வாங்கிய கூலி, கிடைத்த வேலை நாள்.

இரண்டு: கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அதிகபட்ச விலையைப் பேசாதீர்கள், அது ஒரு நாள் கூத்து. வருஷத்துச் சராசரியைப் பேசுங்கள். அதை மறுக்க முடியாது.

மூன்று: விலை சாய்ந்தாலும் இறங்காத அடிப்படைக் கூலி, விலைவாசிப் புள்ளியோடு ஏறும் பஞ்சப்படி, நல்ல விலை ஆண்டில் போனஸ். இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

நான்கு: சிறு தோட்டக்காரனை எதிரியாக நினைக்க வேண்டாம். கட்டுப்படியான விலை அவன் கோரிக்கை, கட்டுப்படியான கூலி நம் கோரிக்கை. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைத் தட்டிக்கழிப்பது சுலபமாகிவிடும்.

தோழர்களே! ஏலக்காயின் விலையைப் போடியில் எல்லோரும் அறிவார்கள். அதை எடுத்த கையின் கணக்கை எழுதி வைக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. நாளைக் காலை ஜீப் ஏறும்போதே அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குவோம்.