பெட்டியில் கொஞ்சம் இடம் விடுங்கோ

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்திருக்கும் தோழியர் இந்த ஒரு கிழமையாக எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஊரிலிருந்து என்னத்தைக் கொண்டு போறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்றுதான் ஊரில் இருக்கும் நாங்கள் சிலர் இந்தப் பத்து நிமிடங்களைக் கேட்டு வாங்கினோம். தேயிலையும் கறுவாவும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே கிடைக்கும். அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் மருதமுனை. கல்லடிப் பாலம் கடந்து கல்முனை வீதியில் போனால், களுவாஞ்சிக்குடி, கல்லாறு, பெரியநீலாவணை தாண்டி வரும் ஊர். நெசவுக்குப் பேர்போன ஊர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அம்மாமாரின் பருத்திச் சேலைகளும் அப்பாமாரின் சாரங்களும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் இன்று கைத்தறி என்று சீட்டு ஒட்டியதெல்லாம் கைத்தறி அல்ல. எப்படிக் கண்டுபிடிப்பது? துணியின் ஓரத்தைப் பாருங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இருக்க, இரு நுனியிலும் ஊசி வைத்த ஒரு கம்பை வைத்துத் துணியை விரித்துப் பிடிப்பார்கள். அந்த ஊசி பட்ட சிறு துளைகள் ஓரம் நெடுகிலும் தெரியும். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊடு நூல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் சற்றுத் தளர்ந்தும் இருக்கும். அதைப் பழுது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பழுதில்லை, ஒரு மனிதரின் கை அதில் ஓடியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

முதல் தடவை தனியாக, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிடுங்கள். கஞ்சி போட்டுக் கட்டினால் அதன் அழகே வேறு. கனடாவில் கஞ்சிக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்கள், சோறு வடிக்கிறீர்கள்தானே!

விலை பற்றியும் ஒரு வார்த்தை. நூலுக்குச் சாயம் தோய்த்து, காயவைத்து, சுற்றி, பாவோடி, அதற்குப் பிறகுதான் தறியில் நெசவு தொடங்குகிறது. நூல் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. பருத்தி நூலோ வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 இல் ரூபாய் விழுந்தபோது நூல் விலை எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். லண்டன் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறவாமல் காசு கொடுக்கும் நம்மவர்கள், மருதமுனையில் முந்நூறு ரூபாய்க்கு அரை மணித்தியாலம் நிற்பதைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்ட விலையைக் கொடுங்கள். தறி இருக்கும் வீட்டுப் பிள்ளை கடைக்குச் சம்பளத்துக்குப் போவதா, தறியில் உட்காருவதா என்பதை முடிவு செய்வது அந்த முந்நூறு ரூபாய்தான்.

அடுத்தது பன்பாய். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் பின்னும் பாய்களில் படுத்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். குளத்தோரச் சதுப்பில் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் காயவைத்து, வேண்டியதைச் சாயத்தில் அவித்து, தரையில் குந்தியிருந்து பின்னுகிறார்கள். நெருக்கமாகப் பின்னியதா என்று பார்க்க, பாயைத் தூக்கி அதன் ஊடாக வெளிச்சத்தைப் பாருங்கள். விளிம்பு மடித்துப் பின்னியிருக்க வேண்டும்; வெட்டிவிட்டு நூலால் தைத்தது சீக்கிரம் பிரியும். பாயை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். ஈரம் பட்டால் வெயில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பாய் மலிவுதான், ஆனால் சித்திரை வெயிலில் அதில் படுத்தவருக்கு நாங்கள் எதுவும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பகுதியில் வீடு மகளுக்கு என்பது வழக்கம். வீட்டோடு பாயும் சேலையும் பித்தளையும் மகளுக்கே வந்தன. 1978 நவம்பர் 23 சூறாவளியும், போர்க்கால இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26 இல் கல்லடியிலும் நாவலடியிலும் ஏறிய கடலும் அந்தப் பெட்டகங்களில் பலவற்றைக் கொண்டுபோய்விட்டன. அம்மம்மாவின் சேலை ஒன்றாவது கையில் இருப்பவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? ஆகவேதான் உங்கள் மகள்மாருக்கு ஒன்று வாங்குங்கள் என்கிறோம்.

தயிரைக் கொண்டுபோக முடியாது, இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எருமைத் தயிரை மண்சட்டியோடு கேளுங்கள். மண் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அது கட்டியாகிறது. பிளாஸ்டிக் கோப்பையில் அந்த இறுக்கம் வராது. சட்டியைச் சற்றுச் சரித்தால் தயிர் அசையக்கூடாது. நேரம் இருந்தால் படுவான்கரைக்கே போங்கள். மண்முனையில் பாதைக்காகக் காத்திருந்த காலம் முடிந்து, 2014 இல் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைக்குப் போய்வருவது பெரிய காரியமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மட்டக்களப்புப் பாலும் தயிரும் மேய்ச்சல் தரையை நம்பியவை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். தயிரைப் புகழ்ந்து படம் எடுத்துப் போடும்போது அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள்.

காசு கொடுக்காமல் கிடைப்பதும் ஒன்று உண்டு. நிலாக் காலத்தில், காற்று அடங்கிய இரவில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வையுங்கள். மீன் பாடுகிறதா, மட்டி பாடுகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விபுலாநந்த அடிகளார் நீரரமகளிர் பாடுவதாகவே பாடிவிட்டார். ஊரிலேயே பிறந்து வளர்ந்து ஒருநாளும் அதைக் கேட்காதவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டோம். தோணிக்காரரிடம் எஞ்சின் இல்லாத தோணி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருதமுனைக்கும் காத்தான்குடிக்கும் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பாய் வாங்குவதென்றால் சுருட்டிக் கட்டக் கயிறும் கையோடு கொண்டு போங்கள்.